இருபத்தொன்பதாம் சங்கீதமும் எங்கள் ஊர் மழையும்

ஐப்பசியில் கிழக்கே கருத்து முதல் இடி இறங்கியதும் எங்கள் தெருவில் இரண்டு குரல்கள் எழும்பும். பக்கத்து வீட்டுப் பெரியம்மை கடப்பாரையைத் தூக்கி முற்றத்தில் போட்டுவிட்டு "அர்ஜுனா, அர்ஜுனா" என்பாள். எங்கள் ஆச்சி கொடியில் கிடக்கும் துணிமணியை வாரி உள்ளே போட்டு, அரிக்கேன் விளக்கை ஏற்றி, வேதப்புத்தகத்தில் இருபத்தொன்பதாம் சங்கீதத்தைப் பிரிப்பாள். கண் தெரியாமல் போன பிறகும் புத்தகத்தைப் பிரித்து மடியில் வைத்துக்கொண்டுதான் சொல்லுவாள். இடிக்கும் அவளுக்கும் போட்டி நடப்பதுபோல இருக்கும். பிள்ளைகள் நாங்கள் அவள் சேலைக்குள் ஒண்டிக்கொள்வோம். பயம் இருக்கும், ஆனால் அந்தப் பயத்தில் ஒரு இனிப்பும் இருக்கும். அதற்கு என்ன பெயர் என்று அப்போது தெரியாது.

ஸ்ரீவைகுண்டத்துக்குத் தெற்கே, தாமிரபரணிப் பாசனம் முடிந்து தேரி தொடங்கும் இடத்தில் எங்கள் ஊர். ஒரு பக்கம் வாழையும் நெல்லும். மறுபக்கம் ஆடிக்காற்றில் இடம்பெயர்ந்துகொண்டே இருக்கும் சிவந்த மணலும் பனையும். பள்ளிக்கூடத்தில் முப்பத்தொரு வருடம் புவியியல் நடத்தி ஓய்வு பெற்றவள் நான். மழையைப் பாடமாகவும் நடத்தியிருக்கிறேன், ஜெபமாகவும் கேட்டிருக்கிறேன்.

அந்தச் சங்கீதத்தைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும். தாவீதின் பெயரில் வழங்குவது, பதினொன்றே வசனம். ஒரு புயலின் பயணம்தான் பாட்டு முழுக்க. மத்தியதரைக் கடலின் தண்ணீர்மேல் இடி கிளம்புகிறது. லீபனோன் மலையேறிக் கேதுரு மரங்களை முறிக்கிறது. சீரியோன் என்று பாட்டில் வருவது எர்மோன் மலை, 2,814 மீட்டர் உயரம். அதுவே குட்டி விலங்கைப்போலத் துள்ளுகிறது. பிறகு மின்னல் தீயாய்ப் பிளந்துகொண்டு தெற்கே போய்க் காதேஸ் வனாந்தரத்தை உலுக்குகிறது. கரும்பலகையில் வரைபடம் போட்டு, இந்தப் புயல் போன வழியைச் சாக்பீஸால் கோடிழுத்துக் காட்டலாம். நான் காட்டியிருக்கிறேன். இதில் 'கர்த்தருடைய சத்தம்' என்ற சொற்கள் மட்டும் ஏழு முறை வருகின்றன. ஏழு இடிகள் என்று எண்ணிக்கொள்வாள் ஆச்சி.

அந்த நாட்டில் கானானியர் புயலையே தெய்வமாக்கிப் பாகால் என்று கும்பிட்டார்கள். இடிதான் அவன் குரல் என்பது அவர்கள் நம்பிக்கை. சிரியாவின் கடற்கரையில் உகாரித் என்ற பழைய நகரத்தை 1929-இல் தோண்டத் தொடங்கியபோது கிடைத்த களிமண் பலகைகளில் இதெல்லாம் எழுதியிருக்கிறது. சங்கீதக்காரனோ புயலைக் கும்பிடவில்லை. புயலுக்குள்ளிருந்து ஒருவர் பேசுவதைக் கேட்டான், அவரை வணங்கினான். வானத்தில் இருப்பவர்களைத்தான் முதலில் கூப்பிடுகிறான், அவருக்கு மகிமையைச் செலுத்துங்கள் என்று. புயல் ஓய்கிற நேரத்தில் ஆலயத்திலுள்ள அத்தனை பேரும் வாய்விட்டுச் சொல்வதும் அந்த ஒரே சொல்தான்: மகிமை.

எங்களுக்கு இந்தப் பாட்டு அந்நியமாகத் தோன்றாததற்கு மழைக்காலமும் ஒரு காரணம். பாலஸ்தீனத்தில் கோடை முழுக்க மழை கிடையாது. ஐப்பசி, கார்த்திகையில்தான் முதல் மழை இறங்கி மண் இளகும்; வேதத்தில் அதற்கு முன்மாரி என்று பெயர். பங்குனியில் கதிர் முற்றும் வேளையில் வருவது பின்மாரி. தேரிக்காட்டுப் பிள்ளைக்கு இதை விளக்கவே வேண்டாம். தென்மேற்குப் பருவக்காற்று மலைக்கு அந்தப் பக்கமே மழையை இறக்கிவிட்டு வெறுங்காற்றாய் எங்களிடம் வரும். எங்களுக்கும் ஐப்பசிதான் வாழ்வு.

எட்டாம் வகுப்பில் இடியும் மின்னலும் நடத்தும்போது பிள்ளைகளை வராந்தாவில் நிறுத்தி எண்ணச் சொல்வேன். மின்னல் கண்டது முதல் இடி கேட்கும் வரை மூன்று விநாடிக்கு ஒரு கிலோமீட்டர். பன்னிரண்டு எண்ணினால் நாலு கிலோமீட்டருக்கு அப்பால். மின்னல் ஓடும் தடத்தில் காற்று 30,000 டிகிரி செல்சியஸ் வரை காயும். சூரியனின் மேற்பரப்பே சுமார் 5,500 டிகிரிதான். அவ்வளவு சூட்டில் காற்று வெடித்து விரியும் சத்தத்தைத்தான் இடி என்கிறோம். அதே சூட்டில் காற்றிலுள்ள நைட்ரஜன் ஆக்சிஜனோடு சேர்ந்து, மழையில் கரைந்து, உரமாய் மண்ணில் இறங்குகிறது.

ஒருமுறை ஒரு பெண்பிள்ளை எழுந்து கேட்டாள்: "டீச்சர், இங்க காத்து விரியுதுன்னு சொல்லுதீங்க. ஞாயித்துக்கிழமை கோயில்ல கர்த்தர் சத்தம்னு பாடுதீங்க. எது டீச்சர் நெசம்?"

எங்கள் பக்கத்தில் தேவாலயத்தையும் கோயில் என்றுதான் சொல்வோம். அவளிடம் கேட்டேன்: "உங்க அம்மா வாசல்ல நின்னு உன்னைக் கூப்பிடுதா. தொண்டையில தசை அதிர்ந்து, காத்து அலையா வந்து உன் காதுல படுது. இதைப் படிச்சிட்டேங்கிறதுக்காக அம்மா கூப்பிடலைன்னு ஆயிருமா?" அவள் உட்கார்ந்துவிட்டாள். எனக்குத்தான் அன்று தூக்கம் வரவில்லை. 30,000 டிகிரி என்று பாடம் நடத்திக்கொண்டிருந்த நான், அதைச் சொல்லி ஒருநாளும் ஸ்தோத்திரம் பண்ணியதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. அன்று முதல் குடும்ப ஜெபத்தில் எண்களையும் சேர்த்துச் சொல்கிறேன்.

இது புதுப் பழக்கமும் இல்லை. பாளையங்கோட்டையில் 1774-இல் பிறந்து தஞ்சாவூரில் வாழ்ந்த வேதநாயகம் சாஸ்திரியார், தம் பெத்லகேம் குறவஞ்சியில் சூரியனைச் சுற்றிக் கிரகங்கள் ஓடும் கணக்கையே பாட்டாக்கி வைத்தார். வானசாஸ்திரம் படிக்கப் படிக்க அவருக்குத் துதிதான் பெருகியது. இன்றும் எங்கள் வீடுகளில் அவர் கீர்த்தனை இல்லாமல் ஒரு ஜெபம் முடியாது.

ஊரில் துதி கண்ணுக்குத் தெரியும் நாள் அறுப்பின் பண்டிகை. ஆராதனை முடியும்போது பீடத்தைச் சுற்றி நடக்க இடமிருக்காது. வாழைத்தார், பூசணிக்காய், கருப்பட்டிச் சிப்பம், முதல் குலைத் தேங்காய், கயிறு கட்டிய கோழி. பிறகு ஏலம். அரைக்கட்டு முருங்கைக்காய் ஆயிரம் ரூபாய் தாண்டும். எடுத்தவர் அதைத் திரும்பவும் ஏலத்துக்கே கொடுப்பார். இதைப் பார்த்துத் தலைசுற்றும் வெளியூர் மாப்பிள்ளைகளை நான் கண்டிருக்கிறேன். ஆனால் அந்த முருங்கை எத்தனை மழைக்குக் காத்திருந்து காய்த்தது என்று எங்களுக்குத் தெரியும். விலை அதற்கு.

இதையெல்லாம் 2023 டிசம்பர் 17-க்கு முன்னால் எழுதியிருந்தால் இங்கேயே முடித்திருப்பேன்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. காலை ஆராதனைக்கே நனைந்துகொண்டுதான் போனோம். சாயங்காலம் தெருவில் முழங்கால் அளவு. இரவு வீட்டுக்குள். அந்த ஒரு நாள் கணக்கில் காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர் பதிவானது. எங்கள் மாவட்டத்தில் ஒரு வருடம் முழுக்கப் பெய்வதைவிட அதிகம். திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய ரயில் எண்ணூறு பேரோடு ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோனது. தண்ணீர் ஜன்னல் கட்டையைத் தொட்டபோது நாங்கள் பக்கத்து வீட்டு மாடிக்கு ஏறினோம். அர்ஜுனா சொன்ன பெரியம்மையின் மருமகள்தான் இப்போது அந்த வீட்டில். நான் அவளையும் அவள் என்னையும் மதினி என்போம். அவள் ஒரு சாக்குக்குள் அரிசியை வைத்து மடியில் அணைத்திருந்தாள். கீழே எங்கள் வீட்டுக் கோழிக்கூடு மிதந்து போனது. முப்பத்தொரு வருடப் பாடக்குறிப்புகள் எல்லாம் கீழேதான்.

இடி இடித்தது. நான் சங்கீதம் சொல்லவில்லை. வாய் வரவில்லை. ஆச்சி நினைவுக்கு வந்தாள், ஆனால் துணைக்கு வந்ததாகத் தோன்றவில்லை; கேள்வி கேட்க வந்ததுபோல இருந்தது.

குளக்கரைகள் உடைந்ததையும் வாய்க்கால்கள் அடைந்து கிடந்ததையும் கடவுள்மேல் சாட்டுவது சரியல்ல. அது மனிதர்கள் பதில் சொல்ல வேண்டிய கணக்கு. ஆனால் மழை அவருடையது. கேதுருவை முறிக்கும் குரலைக் கோயிலில் பெஞ்சில் உட்கார்ந்து புகழ்ந்த எனக்கு, அது என் வாழையை முறிக்கும் குரலும்தான் என்பது அன்றிரவு வரை புரியவில்லை. அந்தப் பாட்டைப் பாடியவன் நனையாத இடத்தில் நின்று பாடியிருப்பான் என்று எப்படி நினைத்தேன்?

பத்தாம் வசனத்தில் கர்த்தர் வெள்ளத்தின்மேல் வீற்றிருப்பதாக வருகிறது. அங்கே எபிரேயத்தில் நிற்கும் சொல் 'மப்பூல்'. ஆதியாகமத்தில் நோவா காலத்துப் பெருவெள்ளத்தைச் சொல்லும் சொல் அது. அதை விட்டால் வேதத்தில் இந்த ஓர் இடத்தில் மட்டுமே வருகிறது. ஆக, பாடியவனுக்கு வெள்ளம் என்றால் என்னவென்று தெரியும். தெரிந்தும்தான் அடுத்த வசனத்தைச் சமாதானம் என்ற சொல்லில் நிறுத்துகிறான். எபிரேயத்தில் பாட்டின் கடைசிச் சொல்லே அதுதான்.

மழை விட்டது. ரயிலில் மாட்டியிருந்தவர்களுக்குப் புதுக்குடி ஊர்ச்சனம், தங்கள் வீடுகளையும் வெள்ளம் சூழ்ந்திருந்த நேரத்தில், கையிலிருந்த அரிசியைப் போட்டு ஆக்கிக் கொடுத்த செய்தி பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. அதைக் கேட்டபோது எனக்கு அறுப்பின் பண்டிகைப் பீடம் கண்முன் வந்தது. காணிக்கை என்றால் அதுவல்லவா காணிக்கை.

கரண்ட் வர நாளாயிற்று. வீடு சேறாகக் கிடந்ததால் இரவில் இன்னும் மாடியில்தான் படுக்கை. அப்படி ஓர் இரவில் விழிப்பு வந்தபோது மணி ஒன்று தாண்டியிருக்கும். அரை நிலா மேற்கே இறங்கிவிட்டது. ஊரில் ஒரு விளக்கு இல்லை. மேகம் முழுக்கக் கழுவிப் போய்விட்டிருந்தது. இத்தனை வருடத்தில் என் வீட்டுக்கு மேலே இத்தனை நட்சத்திரம் இருந்தது எனக்குத் தெரியாது. உச்சிக்குப் பக்கத்தில் மூன்று மீன் வரிசையாய் மிருகசீரிஷம். அதற்கு மேற்கே ஒரு கொத்தாய் அறுமீன். யோபுவின் புத்தகத்தில் கடவுள் பெருங்காற்றிலிருந்து பேசும்போது இந்த இரண்டையும் பெயர் சொல்லித்தான் கேட்கிறார், உன்னால் இவற்றைக் கட்டவோ அவிழ்க்கவோ கூடுமா என்று. எல்லாவற்றையும் இழந்தவனுக்கு அவர் கொடுத்த பதில் அது. சிறுவயதில் அதைக் கடுமையான பதில் என்று நினைத்திருந்தேன்.

அறுமீன் கொத்திலிருந்து வெளிச்சம் நம்மிடம் வந்து சேர ஏறக்குறைய 440 வருடம் ஆகும். 1578-இல் கொல்லத்தில் தமிழ் அச்சில் முதல் புத்தகம் வெளிவந்தது. அதைத் தமிழாக்கிய ஹென்ரிக்கஸ் பாதிரியார் வாழ்ந்து முடிந்தது இந்தத் தாமிரபரணி கடலில் விழும் புன்னைக்காயலில். புத்தகத்தின் பெயர் 'தம்பிரான் வணக்கம்'. அந்த நாட்களை ஒட்டிப் புறப்பட்ட வெளிச்சம் அன்றிரவு என் கண்ணில் வந்து விழுந்துகொண்டிருந்தது.

ஆறையும் எண்ணினேன். எழுந்து உட்கார்ந்து, யாரையும் எழுப்பாமல், வாய்க்குள்ளேயே இருபத்தொன்பதாம் சங்கீதத்தைத் தொடங்கினேன். லீபனோன் வந்தபோது குரல் கொஞ்சம் எழும்பிவிட்டது போலிருக்கிறது.

இருட்டுக்குள்ளிருந்து மதினி கேட்டாள்: "ஒங்க மாமியா... இல்ல, ஒங்க ஆச்சி சொல்லுவாங்களே, அதுவா?"

"ஆமா மதினி."

"மொதல்லருந்து சொல்லுங்க. கொஞ்சம் சத்தமா."