சோறு தின்னும் நாய்க்குப் பாக்கெட் தீனி எதற்கு?

சோமனூர் தறிக்குடோன் நாய் ரசஞ்சோற்றை வழித்து நக்கிவிட்டுப் படுத்துக்கொள்கிறது. கறி தின்னும் சாதிக்குச் சோறு எப்படிச் செரிக்கிறது?

மாவுச்சத்தை உடைக்கும் நொதிக்கான மரபணு ஓநாய்க்கு 2 பிரதிகள்தான். நாய்களுக்கு 4 முதல் 30 வரை. 2013இல் சுவீடன் ஆய்வாளர்கள் வெளியிட்ட கணக்கு இது. ஆனால் நம் எச்சிலில் இருக்கும் அந்த நொதி நாயின் எச்சிலில் ஏறக்குறைய இல்லை. கணையம் சுரந்து, குடலில்தான் வேலை நடக்கிறது. அதனால் சோறு குழைய வெந்திருக்கட்டும்.

அப்புறம் என்ன குறை? கால்சியம். பாவு நூல் எவ்வளவு இருந்தாலும் ஊடை தீர்ந்தால் தறியில் துணி விழுமா? சோற்றிலும் கறியிலும் பாஸ்பரஸ் உண்டு, கால்சியம் சொற்பம். உடம்பு தன் எலும்பிலிருந்தே அதை உருவிக்கொள்ளும். வளரும் குட்டிக்குக் கால் வளைவது இப்படித்தான்.

பாக்கெட் தீனியில் கால்சியம் அளந்து சேர்க்கப்பட்டிருக்கிறது. ஆனால் பாதிக்குப் பாதி சோற்றைக் கலந்தால் அந்த அளவும் நீர்த்துப்போகும். தீனியே பிரதானம், வீட்டுச் சோறு பத்தில் ஒரு பங்கு என்பது கால்நடை மருத்துவர்கள் சொல்லும் பொதுக்கணக்கு.

இன்னொன்றைக் கவனித்தீர்களா? சோற்றில் பெரும்பகுதி தண்ணீர். உலர்தீனியில் சுமார் 10 சதவீதம்தான். ஒரே எடைக்குத் தீனியில் இரண்டரை மடங்கு சக்தி. வழக்கமான சோற்றைக் குறைக்காமல் தீனியையும் போட்டால் நாய் உருண்டுவிடும்.

சாம்பார்ச் சோறு மட்டும் வேண்டாம். அதிலுள்ள வெங்காயம் நாயின் ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும், வெந்திருந்தாலும்.