எழுபது வளைவுகளும் ஒரு கோடை விடுமுறையும்

நாமக்கல் மாவட்டத்துக் காரவள்ளிக்கு நீங்கள் சென்றிருக்கிறீர்களா? கொல்லிமலையின் அடிவாரத்தில் உள்ள சிற்றூர் அது. அங்கிருந்துதான் மலைச்சாலை தொடங்குகிறது. 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து பேருந்து மேலே செல்கிறது. முதன்முறை பயணம் செய்பவர்கள் பத்து வளைவுகளுக்குள் கண்ணை மூடிக்கொள்வார்கள். மலைமேல் வாழும் பிள்ளைகளோ சன்னலோரத்தில் உட்கார்ந்து வளைவுகளை எண்ணிக்கொண்டே வருவார்கள்.

இந்தச் சாலையை ஏன் இப்படி வளைத்து வளைத்துப் போட்டார்கள்? நேராகப் போட்டிருந்தால் தூரம் குறைந்திருக்குமே! முதலில் இந்தக் கேள்விக்கு விடை காண்போம். பிறகு அந்தச் சன்னலோரப் பிள்ளைகளைப் பற்றிப் பேசுவோம். இரண்டிற்கும் தொடர்பு இருக்கிறது.

சாலை சொல்லும் கணக்கு

கணக்கு எளிதாக இருக்க, ஏற வேண்டிய உயரம் 1 கிலோமீட்டர் என்றும், பேருந்தின் எடை 10 டன் என்றும் வைத்துக்கொள்வோம். 30 பாகைச் சாய்வில் நேராக ஒரு சாலை போட்டால் அதன் நீளம் 2 கிலோமீட்டர்தான். ஆனால் அந்தச் சாய்வில் பேருந்தைக் கீழ்நோக்கி இழுக்கும் விசை அதன் எடையில் பாதி, அதாவது 5 டன் எடைக்குச் சமம். அவ்வளவு விசையைத் தொடர்ந்து கொடுக்க எந்தப் பேருந்தின் எஞ்சினும் படைக்கப்படவில்லை. கொடுத்தாலும் சக்கரம் வழுக்கும்.

இப்போது சாய்வைக் குறைப்போம். 20 மீட்டர் சென்றால் 1 மீட்டர் ஏறும்படி சாலை அமைத்தால், கீழ்நோக்கி இழுக்கும் விசை அரை டன் மட்டுமே. சாலையின் நீளமோ 20 கிலோமீட்டர் ஆகிவிடுகிறது. தூரம் பத்து மடங்கு. விசை பத்தில் ஒரு பங்கு. இரண்டையும் பெருக்கினால் கிடைக்கும் வேலையின் அளவு மாறவே இல்லை. மலையின் உயரமும் ஓர் அங்குலம்கூடக் குறையவில்லை. இதுதான் சாய்தளத்தின் தத்துவம்.

மலைச்சரிவில் 20 கிலோமீட்டர் நேர்ச்சாலைக்கு இடம் ஏது? அதனால் சாலையை மடித்து மடித்துப் போடுகிறார்கள். மடிப்புகளே கொண்டை ஊசி வளைவுகள். 14 மீட்டர் ஆரமுள்ள வளைவில் மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் திரும்பும் 10 டன் பேருந்துக்கு வேண்டிய மையநோக்கு விசை ஏறத்தாழ 2.2 டன். வேகத்தை இரட்டித்தால் விசை நான்கு மடங்காகி 9 டன்னைத் தொடும். டயரின் உராய்வு அதற்குப் போதாது. ஆகவே வளைவில் நிதானம் வேண்டும். மலைச்சாலை நெறிமுறைகளும் வளைவில் மட்டும் சாய்வை 40-க்கு 1 என்ற அளவுக்குக் குறைக்கச் சொல்கின்றன. திரும்பும் இடத்தில் ஏற்றம் குறைவாக இருந்தால்தான் வண்டி திணறாமல் திரும்பும்.

“திரும்பும் இடத்தில் ஏற்றம் குறைவாக இருக்க வேண்டும்” என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

காரவள்ளியில் கேட்ட ஒரு சொல்

நான் முதலாண்டுப் பொறியியல் மாணவர்களுக்கு இயற்பியல் கற்பிப்பவன். சில ஆண்டுகளுக்கு முன் என் வகுப்பில் கொல்லிமலை மாணவி ஒருத்தி சேர்ந்தாள். பள்ளியில் தமிழ் வழியில் படித்து நல்ல மதிப்பெண் பெற்றவள். வகுப்பில் வாயே திறக்கமாட்டாள். முதல் பருவத் தேர்வில் தவறினாள். பிறகு வரவில்லை. நூறு பேர் கொண்ட வகுப்பில் ஓர் இடம் காலியாக இருப்பதை நான் கவனிக்கவே ஒரு மாதமாயிற்று.

அடுத்த ஆண்டு காரவள்ளியில் பேருந்துக்காக நின்றபோது அவளைக் கண்டேன். “ஏம்மா, என்ன ஆச்சு?” என்று கேட்டேன். கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னாள்: “சார், நீங்க டார்க், டார்க்னு நடத்துனீங்களே, அது நாங்க பள்ளிக்கூடத்துல படிச்ச திருப்புவிசைதான்னு எனக்குப் பரீட்சைக்கு முந்தின நாள்தான் சார் தெரிஞ்சது.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. திருப்புவிசையை அவள் அறிவாள். கணக்கும் போடுவாள். அறிந்த பொருளே அறியாத பெயருடன் வந்து அவளை மிரட்டியிருக்கிறது. ஒரே ஒரு வாரம் முன்னதாக, ஒரே ஒருவர் அவளுடன் உட்கார்ந்து “இதுதான் அது” என்று சொல்லியிருந்தால் போதும். அந்த ஒருவர் நானாக இருந்திருக்கலாம்.

கதவு திறந்திருக்கிறது, வழி செங்குத்தாக இருக்கிறது

கொல்லிமலை மக்களில் பெரும்பாலோர் மலையாளி எனப்படும் பழங்குடியினர். மலையை ஆள்பவர் என்ற பொருளில் அமைந்த பெயர் இது, கேரளத்தைக் குறிப்பதன்று. இவர்களைப் போன்ற குடும்பங்களின் பிள்ளைகள் பொறியியல் கல்லூரிக்குள் நுழைய இன்று வழிகள் உள்ளன. 6 முதல் 12-ஆம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குத் தொழிற்கல்வி இடங்களில் 7.5 விழுக்காடு ஒதுக்கும் சட்டம் 2021-இல் தமிழ்நாட்டில் நிறைவேறியது. அவ்வாறு சேர்பவர்களின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கும் என்றும் அவ்வாண்டே அறிவிக்கப்பட்டது.

இடம் கிடைப்பது ஒன்று. அந்த இடத்தில் நிலைப்பது வேறொன்று. பள்ளியிலிருந்து கல்லூரிக்குத் திரும்பும் அந்த ஒரு வளைவில் மொழி மாறுகிறது, பாடத்தின் வேகம் மாறுகிறது, தங்கும் இடமும் பழகும் மனிதர்களும் மாறுகிறார்கள். ஏற்றம் மிகக் கடுமையாக இருப்பது அந்த இடத்தில்தான். சாலைப் பொறியாளர் என்றால் இப்படி அமைத்திருக்கமாட்டார்!

இந்த வளைவில் சாய்வைக் குறைக்க உலகில் பல இடங்களில் கண்டுபிடித்த வழிதான் இலவசக் கோடைப் பொறியியல் பயிற்சி. பொறியியல் துறையில் குறைவாகவே இடம்பெற்றுள்ள சமூகங்களின் பள்ளி மாணவர்களை விடுமுறையில் அழைத்து, தங்கவைத்து, கட்டணமின்றிப் பயிற்றுவிப்பது இதன் முறை.

அங்கும் இங்கும்

அமெரிக்காவின் மாசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம் 1970-களின் நடுப்பகுதியிலிருந்து இத்தகைய கோடைத் திட்டத்தை நடத்திவருகிறது. பள்ளி இறுதியாண்டுக்குச் செல்லவிருக்கும் மாணவர்கள் ஆறு வாரம் அங்கே தங்குகிறார்கள். கணிதம், இயற்பியல் முதலிய பாடங்களோடு ஒரு செயல்திட்டமும் செய்கிறார்கள். படிப்பு, உறைவிடம், உணவு எதற்கும் கட்டணமில்லை.

நம் நாட்டில் இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனம் 2019-இல் ‘யுவிகா’ என்னும் இளம் விஞ்ஞானி திட்டத்தைத் தொடங்கியது. ஒன்பதாம் வகுப்பு மாணவர்களுக்குக் கோடையில் இரண்டு வாரப் பயிற்சி. தேர்வில் கிராமப்புறப் பள்ளி மாணவர்களுக்குத் தனி மதிப்பெண் உண்டு. பயணச் செலவையும் நிறுவனமே ஏற்கிறது. முதல் ஆண்டில் ஒவ்வொரு மாநிலத்திலிருந்தும் மூன்று பேர் தேர்ந்தெடுக்கப்பட்டார்கள். அறிவியல், பொறியியல் படிப்புகளில் மாணவியர் குறைவாக இருப்பதை மாற்ற, மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறை அதே 2019-இல் ‘விஞ்ஞான் ஜோதி’ திட்டத்தைத் தொடங்கியது. 9 முதல் 12 வரை படிக்கும் மாணவியருக்கானது அது.

நல்ல முயற்சிகள்தாம். ஆனால் ஒரு மாநிலத்துக்கு மூன்று பேர் என்றால், மலையுச்சிப் பள்ளியின் முறை எப்போது வரும்? இணையத்தில் விண்ணப்பிக்க வேண்டும் என்ற செய்தியே எல்லாப் பள்ளிகளையும் எட்டுவதில்லையே!

பயன் உண்டா?

“நன்றாகப் படிக்கும் பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்துப் பயிற்றுவித்தால் அவர்கள் முன்னேறத்தான் செய்வார்கள். அது பயிற்சியின் பயன் என்று எப்படிச் சொல்ல முடியும்?” என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. இதற்கு விடை காண ஒரே வழி, சமமான தகுதியுள்ள இரு குழுக்களை ஒப்பிடுவது.

அமெரிக்காவில் ஓர் உயர்கல்வி நிறுவனம் நடத்திய கோடைத் திட்டங்களில் இந்த ஒப்பீடு நடந்தது. தகுதியானவர்கள் இடங்களைவிட அதிகமாக இருந்ததால் குலுக்கல் முறையில் இடம் அளித்தார்கள். குலுக்கலில் இடம் பெற்றவர்களையும் பெறாதவர்களையும் ஆய்வாளர்கள் பல ஆண்டுகள் பின்தொடர்ந்து 2022-இல் முடிவை வெளியிட்டார்கள். இடம் பெற்றவர்களே அதிக அளவில் சிறந்த கல்லூரிகளில் சேர்ந்தார்கள். அறிவியல், பொறியியல் பட்டங்களையும் அவர்களே அதிகம் பெற்றார்கள். இரு சாராரின் அறிவும் ஒன்றே. வேறுபாடு ஒரு கோடை விடுமுறைதான்!

அடிவாரத்தில் ஒரு முகாம்

காரவள்ளியில் இத்தகைய முகாம் ஒன்று நடந்தால் அங்கே எதைக் கற்பிக்கலாம்? வெளிநாட்டுப் பாடத்திட்டம் தேவையில்லை. முதல் வாரத்திற்கு அந்தச் சாலையே பாடநூல். நீர்மட்டக் குழாயும் அளவு நாடாவும் கொண்டு மாணவர்களே சாய்வை அளக்கட்டும். வளைவின் ஆரத்தைக் கண்டு, பாதுகாப்பான வேகத்தைக் கணக்கிடட்டும்.

இரண்டாம் வாரத்திற்குச் சாமை. சாமையின் உமி தானியத்தை இறுகப் பற்றியிருக்கும். உரலில் திரும்பத் திரும்பக் குத்திப் புடைக்க வேண்டும். இந்தப் பாடு முழுவதும் பெண்களுடையது. மலையில் சாமையும் கேழ்வரகும் விளைந்த நிலங்கள் மரவள்ளிக்கு மாறியதற்கு இதுவும் ஒரு காரணம். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் கொல்லிமலையில் சிறுதானியங்களைக் காக்கும் பணியில் ஈடுபட்டபோது, உமி நீக்கும் சிறு எந்திரங்களையும் ஊர்களுக்குக் கொண்டுவந்தது. இவ்வகை எந்திரம் ஒன்றில் வேகமாகச் சுழலும் தட்டு தானியத்தை வெளிநோக்கி வீசுகிறது. சுவரில் மோதிய தானியத்தின் உமி உடைகிறது. காற்று அதை ஊதித் தள்ளுகிறது. வேகம் குறைந்தால் உமி நீங்காது. கூடினால் அரிசி நொறுங்கும். வளைவில் பேருந்து திரும்பும்போது பார்த்த அதே வட்ட இயக்கம்தான் இங்கே பாட்டியின் உலக்கைக்கு ஓய்வு கொடுக்கிறது. இதைப் பிரித்துப் பார்த்துப் பூட்டிய மாணவிக்குப் பொறியியல் அயலாகத் தோன்றுமா?

நாள்தோறும் ஒரு மணி நேரம் சொற்களுக்கு ஒதுக்க வேண்டும். திருப்புவிசைதான் டார்க், உராய்வுதான் ஃபிரிக்‌ஷன், முடுக்கம்தான் ஆக்சிலரேஷன். இருநூறு சொற்கள் பழகினால் முதல் பருவம் அச்சுறுத்தாது.

‘இலவசம்’ என்பதற்கும் முழுப் பொருள் வேண்டும். கட்டணம் இல்லை என்பது மட்டும் போதாது. கோடை பலாப்பழக் காலம். வீட்டில் ஒரு கை குறைந்தால் வருமானம் குறையும். ஆகவே பேருந்துக் கட்டணம், மூன்று வேளை உணவு, பெண்பிள்ளைகளுக்குப் பாதுகாப்பான தங்குமிடம், முடிந்தால் ஒரு சிறு உதவித்தொகை ஆகிய அனைத்தும் சேர்ந்தால்தான் அது இலவசம். பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிந்து கல்லூரி தொடங்கும்வரை சில மாதங்கள் இருக்கின்றன. அருகிலுள்ள கல்லூரிகளின் ஆய்வுக்கூடங்களும் அப்போது ஓய்வாகவே உள்ளன. பூட்டைத் திறக்கும் மனம்தான் வேண்டும்.

இதனால் தரம் குறைந்துவிடும் என்று சிலர் அஞ்சுகிறார்கள். அவர்களுக்குச் சாய்தளமே விடை. 70 வளைவுகள் போட்டதால் கொல்லிமலையின் உயரம் குறைந்துவிடவில்லை. ஏறுபவர் செய்யும் வேலையும் குறைந்துவிடவில்லை. ஏற முடியாதிருந்தவர் ஏறினார், அவ்வளவுதான்.

அந்த மாணவி மீண்டும் கல்லூரியில் சேரவில்லை. இப்போதெல்லாம் முதல் நாள் வகுப்பில் நான் கரும்பலகையில் இரண்டு வரிசைகளாகச் சொற்களை எழுதுகிறேன்: இடப்பக்கம் தமிழ், வலப்பக்கம் ஆங்கிலம். முதல் சொல், திருப்புவிசை. உங்களில் ஆசிரியராகவோ கல்லூரி மாணவராகவோ இருப்பவர்கள் வரும் கோடையில் ஒரு வாரத்தை ஒதுக்கிப் பாருங்களேன். உங்கள் ஊருக்கு அருகிலும் ஓர் அடிவாரம் இருக்கும்.