பார்க்க எத்திப்போதலா, குளிக்க மகாநந்தி

ஆனி, ஆடி பிறந்துவிட்டால் ஐதராபாத், செகந்திராபாத் தமிழர்களுக்குக் குற்றால நினைவு வந்துவிடும். ஊருக்குப் போக லீவு இல்லை. ரயிலில் இடமும் இல்லை. "இந்தப் பக்கம் அருவியே கிடையாதா?" என்று விசாரிப்பார்கள். உண்டு. ஆனால் துண்டும் எண்ணெய்ப் புட்டியுமாகக் கிளம்புமுன் ஒரு விஷயத்தைத் தெரிந்துகொள்வது நல்லது.

குற்றாலப் பேரருவியில் சிற்றாற்றின் தண்ணீர் நேராகத் தலையில் விழுவதில்லை. மேலே பாறையில் 'பொங்குமாகடல்' என்ற ஆழமான பள்ளம் இருக்கிறது. தண்ணீர் அதில் விழுந்து, வேகம் தணிந்து, பொங்கி வழிந்துதான் கீழே வருகிறது. கிழவர்களும் குழந்தைகளும் அடியில் நின்று குளிக்க முடிவது அதனால்தான். இந்தப் பாக்கியம் எல்லா அருவிக்கும் வாய்ப்பதில்லை. அந்தக் குற்றாலத்திலேயே, 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீரென வந்த வெள்ளம் 17 வயதுச் சிறுவன் ஒருவனைப் பலி கொண்டது.

நாகார்ஜுன சாகர் அணையிலிருந்து சுமார் 11 கி.மீ. தொலைவில், ஆந்திரப் பகுதியில் இருக்கிறது எத்திப்போதலா. சந்திரவங்கா ஆறு இங்கே 70 அடி உயரத்திலிருந்து விழுந்து, சற்றுத் தூரம் ஓடிக் கிருஷ்ணாவில் கலக்கிறது. தூக்கி ஊற்றுவது என்பது தெலுங்குப் பெயரின் பொருள். ஏற்றுப் பாசனத்துக்கும் தெலுங்கில் இதே சொல்தான். எதிர்மேட்டில் நின்று பார்த்தால் கண் நிறையும். இறங்கிக் குளிக்கும் ஆசை மட்டும் வேண்டாம். கீழே இருப்பது ஆழமான மடு. முதலை வளர்ப்பு நிலையமும் அங்கேதான் இருக்கிறது!

நாகபுரி நெடுஞ்சாலையில் நேரடிகொண்டாவிலிருந்து உள்ளே போனால் குண்டாலா. கடெம் ஆறு 147 அடி இறங்குகிறது. அழகில் குறைவில்லை. ஆனால் பாறை வழுக்கும். வார விடுமுறைக்குப் போன வாலிபர்கள் பலர் அந்த மடுக்களில் உயிர் விட்டிருக்கிறார்கள். நீச்சல் தெரிந்தவர்களுக்கும் விதிவிலக்கு இல்லை. விழும் தண்ணீரின் சுழல் ஆளை உள்ளே இழுத்துவிடும்.

குளித்தே தீர வேண்டும் என்பவர்களுக்கு மகாநந்தி இருக்கிறது. கர்னூல் வழியாக நந்தியால் போய், அங்கிருந்து நல்லமலை அடிவாரத்துக்குச் சுமார் 15 கி.மீ. போக வேண்டும். லிங்கத்தின் அடியிலிருந்து ஊற்று சுரப்பதாகப் பக்தர்கள் சொல்வர். உள்ளே ருத்ர குண்டம். வாசல் பக்கம் பிரம்ம குண்டமும் விஷ்ணு குண்டமும். ஐந்தடி ஆழம், அடியில் கிடக்கும் காசும் தெரியும் தெளிவு. (சிறு பிள்ளைகளுக்கு ஐந்தடியும் ஆழந்தான், கையை விடக்கூடாது.) கோடையிலும் வற்றுவதில்லை. வழிந்தோடும் நீர் சுற்றிலுமுள்ள வாழைத் தோட்டங்களுக்கும் வயல்களுக்கும் பாய்கிறது.

மலைக்காட்டில் பெய்த மழை பாறை இடுக்குகளில் இறங்கி, நிலத்தடியில் மெல்ல நடந்து இங்கே வெளிப்படுகிறது. நிலத்தடியில் வெயிலும் பனியும் அதிகம் எட்டாததால் நீரின் சூடு ஆண்டு முழுவதும் ஏறக்குறைய ஒன்றுதான். சித்திரையில் அது சில்லென்று இருக்கும். மார்கழி விடியலில் இறங்கினால் வெந்நீர் மாதிரி இதமாக இருக்கும்.