ஆட்டத்தின் நேரத்தைக் குறிப்பவர் யார்?

தில்லியிலும் பம்பாயிலும் கல்கத்தாவிலும் வாழும் நம்மவர் இல்லங்கள் பலவற்றில், அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் பயிலும் மகனோ மகளோ உண்டு. நவம்பர் மாதத்தில் அவர்கள் வீட்டாருடன் பேசும்போது, “அடுத்தடுத்த சனிக்கிழமைகளில் எங்கள் கல்லூரிக்குப் பந்தாட்டம்” என்பார்கள். “எத்தனை மணிக்கு?” என்று கேட்டால், “இன்னும் அறிவிக்கவில்லை” என்று பதில் வரும். ஆடும் நாளும் எதிரணியும் பல மாதங்களுக்கு முன்பே முடிவானவை. அப்படியிருக்க, மணி மட்டும் ஏன் தெரியவில்லை? இந்தச் சிறிய கேள்விக்கு விடை தேடப் புகுந்தால், ஒரு பெரிய வாணிபத்தின் உள்ளமைப்பே நமக்குப் புலனாகும்.

முதலில் பெயரைத் தெளிவாக்கிக்கொள்வோம். அமெரிக்கர் கால்பந்து என்று சொல்வது நாம் அறிந்த கால்பந்து அன்று. இரு முனையும் குவிந்த பந்தைக் கையில் ஏந்தி ஓடியும், எறிந்தும் ஆடும் ஆட்டம் அது. அணிக்குப் பதினொருவர். கல்லூரி அணிகளின் பருவம் ஆகஸ்டு இறுதியில் தொடங்கி டிசம்பர் தொடக்கம் வரை நடக்கும். சிறந்த அணிகளுக்கு ஜனவரி வரையிலும் ஆட்டம் உண்டு. நெடுநாள் போட்டியாளர்கள் மோதும் ஆட்டங்கள் பெரும்பாலும் நவம்பர் இறுதியிலேயே அமைகின்றன.

சனிக்கிழமை ஆட்டங்களுக்கு மூன்று வேளைகள் முக்கியமானவை. கிழக்குக் கரை நேரப்படி நண்பகல், பிற்பகல் மூன்றரை மணி, இரவு ஏழரை மணி ஆகியவை அவை. நவம்பர் இறுதியில் இவை நமக்கு முறையே சனி இரவு பத்தரை மணி, ஞாயிறு அதிகாலை இரண்டு மணி, காலை ஆறு மணி ஆகும். அமெரிக்காவுக்குள்ளேயே கிழக்குக் கரைக்கும் மேற்குக் கரைக்கும் மூன்று மணி வேறுபாடு உண்டு. ஆகவே மேற்கில் இரவு ஏழரைக்குத் தொடங்கும் ஆட்டத்தைக் கிழக்கில் உள்ளவர் இரவு பத்தரைக்கு மேல்தான் காண இயலும்.

எந்த ஆட்டம் எந்த வேளைக்கு என்பதை முடிவு செய்வது பெரும்பாலும் தொலைக்காட்சி நிறுவனங்களே. பருவம் முழுவதற்கும் நேரத்தை முன்கூட்டியே குறித்துவிட்டால், பின்னர் சுவை குன்றிய ஆட்டம் சிறந்த வேளையில் அமைந்துவிடக்கூடும். செப்டம்பரில் வலியதாகத் தோன்றிய அணி நவம்பரில் தோற்று ஓய்ந்திருக்கலாம். எனவே பெரும்பாலான ஆட்டங்களின் நேரத்தைப் பன்னிரண்டு நாள் முன்னதாகத் தெரிந்தெடுப்பதும், சில வாரங்களில் ஆறு நாள் வரை ஒத்திவைப்பதும் வழக்கமாயின. காண்போருக்கு இது நன்மை. ஆனால் நூற்றுக்கணக்கான மைல் கடந்து வரும் பழைய மாணவரின் நிலையை எண்ணிப் பாருங்கள். ஆட்டம் நண்பகலா இரவா என்று தெரியாமலே அவர் பயணச் சீட்டும் தங்கும் அறையும் பெறவேண்டும். ஊருக்குச் செல்லப் பல வாரங்களுக்கு முன்பே ரயிலில் இடம் தேடும் நமக்கு அந்த இடர் விளங்காமற் போகாது.

இந்த அதிகாரம் தொலைக்காட்சிக்கு எப்படி வந்தது? 1951ஆம் ஆண்டில் நிலை நேர்மாறாக இருந்தது. ஆட்டத்தை வீட்டிலிருந்தே காணலாம் என்றால் மைதானத்துக்கு யார் வருவார் என்று அஞ்சிய தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கம், ஒளிபரப்பைக் கடுமையாகக் கட்டுப்படுத்தியது. பிற்காலத்தில் ஓர் அணி இரண்டு ஆண்டுகளில் ஆறு முறைக்கு மேல் திரையில் தோன்றக்கூடாது என்றும் விதி வகுத்தது. ஓக்லஹோமா, ஜார்ஜியா பல்கலைக்கழகங்கள் இதை எதிர்த்து வழக்காடின. 1984 ஜூனில் உச்ச நீதிமன்றம், இக்கட்டுப்பாடு போட்டியைத் தடுக்கும் ஏகபோகச் செயல் என்று ஏழு நீதிபதிகளுக்கு இருவர் என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. மாறுபட்ட இருவருள் பைரன் ஒயிட் என்பவர் தம் இளமையில் புகழ்பெற்ற கல்லூரி ஆட்டக்காரர். கல்வி நிலையத்தின் விளையாட்டை வெறும் வாணிபமாகக் கருதலாகாது என்பது அவர் கவலை. தீர்ப்புக்குப் பின் கல்லூரிகளின் கூட்டணிகள் தாமே தொலைக்காட்சியுடன் பேரம் பேசத் தொடங்கின. பணம் பெருகியது. பணத்தோடு கடிகாரமும் கைமாறியது.

இதன் விளைவை நடு அமெரிக்கக் கூட்டணி எனப்படும் சிறிய அணிகளிடம் தெளிவாகக் காணலாம். பெரிய கல்லூரிகளுடன் சனிக்கிழமையில் போட்டியிட இயலாத இவ்வணிகள், நவம்பரில் செவ்வாய், புதன் இரவுகளில் ஆடுகின்றன. அன்று வேறு ஆட்டம் இல்லாததால் நாடு முழுவதும் இவர்களைக் காண்கிறது. ஆனால் ஓஹையோ, மிச்சிகன் பகுதிகளின் கடுங்குளிரில், மறுநாள் வகுப்பை வைத்துக்கொண்டு, மாணவர்கள் எத்தனை பேர் மைதானத்துக்கு வருவார்கள்? புகழ் ஏறுகிறது, இருக்கைகள் காலியாகின்றன.

இனி இடத்தைப் பற்றிப் பார்ப்போம். அலபாமா, ஆபர்ன் அணிகள் 1948 முதல் 1988 வரை ஆண்டுதோறும் பர்மிங்ஹாம் நகரின் லீஜியன் ஃபீல்டு மைதானத்தில் மோதின. இரும்புத் தொழில் செழித்த ஊராதலால் அப்போட்டிக்கு இரும்புக் கிண்ணம் என்ற பெயர் நிலைத்தது. பொது இடம் என்று சொல்லப்பட்டாலும், அங்கேயே அலபாமா அணி வேறு பல ஆட்டங்களும் ஆடிவந்தது. 1989 டிசம்பர் 2ஆம் நாள் அலபாமா முதன்முறையாக ஆபர்னின் சொந்த மைதானத்துக்கு வந்தது. 30க்கு 20 என்று ஆபர்ன் வென்றது. இடம் என்பது வெறும் நிலம் அன்று, அது ஓர் ஊரின் மதிப்பு என்பதை அந்த நாள் காட்டிற்று.

ராணுவ, கடற்படைக் கல்லூரிகளின் போட்டியோ வேறு வகை. இரண்டுக்கும் இடைவழியில் உள்ள ஃபிலடெல்ஃபியாவில்தான் பெரும்பாலும் நடக்கிறது. 2009 முதல் அதை டிசம்பரின் இரண்டாம் சனிக்கிழமைக்கு ஒதுக்கினார்கள். மற்ற அணிகளின் வழக்கமான பருவம் முடிந்துவிட்ட நாளாதலால், நாட்டின் கவனம் முழுவதும் அதற்கே கிட்டுகிறது.

மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட எனக்குக் கிண்ணம் என்ற சொல்லில் ஓர் ஐயம் எழுந்தது. பரிசுக் கோப்பை என்றே முதலில் கருதினேன். உண்மையில் 1922இல் கலிபோர்னியாவின் பாசடீனாவில் கட்டிய ரோஸ் பவுல் அரங்கின் குழிந்த வடிவமே அப்பெயருக்குக் காரணம். அங்கு நடக்கும் புத்தாண்டு ஆட்டம், ஜனவரி முதல் நாள் ஞாயிறாக அமைந்தால் மறுநாளுக்குத் தள்ளப்படும். போர்க்காலத்தில், 1942இல், அது வட கரோலினாவுக்குப் பெயர்ந்தது. பெருந்தொற்றினால் 2021இல் டெக்சாசுக்குப் பெயர்ந்தது.

தொலைக்காட்சியும் எல்லாம் வல்லது அன்று. 2015 டிசம்பர் 31, வியாழக்கிழமை, அரையிறுதி ஆட்டங்களை வைத்தார்கள். பலருக்கு அது வேலை நாள். இரவோ புத்தாண்டுக் கொண்டாட்டம். காண்போர் தொகை பெரிதும் சரிந்தது. அடுத்த ஆண்டே அந்த ஏற்பாட்டை மாற்றியமைக்க முன்வந்தனர். காலத்தை விலைக்கு வாங்கலாம். மக்களின் பழக்கத்தை வாங்க இயலாது.

2024ஆம் பருவத்தில் இறுதித் தொடரில் பன்னிரண்டு அணிகள் சேர்க்கப்பட்டபோது, முதற்சுற்று நான்கு ஆட்டங்களும் கல்லூரிகளின் சொந்த மைதானங்களிலேயே நடந்தன. டிசம்பர் 20ஆம் நாள் நோட்டர் டேம் தன் மைதானத்தில் இண்டியானாவை எதிர்கொண்டது. குளிர் இருந்தது, ஆயினும் அரங்கு நிறைந்திருந்தது. திரையில் கண்டவர்க்கும் அந்த ஆரவாரமே பெரிய காட்சியாயிற்று.

இதில் ஒரு பாடம் உண்டு. திரைக்கு விலை தருவது ஒளிபரப்பு நிறுவனம். ஆனால் திரையில் காணத்தக்க உயிரைத் தருவது மைதானத்தில் நிற்கும் மாணவன். அவனுக்கு வசதியான வேளையும் இடமும் தருவது சலுகை அன்று; ஆட்டத்தையே காக்கும் வழி அது. அடுத்த முறை உங்கள் பிள்ளை, “நேரம் இன்னும் தெரியவில்லை” என்று சொன்னால், அவனைக் குறை கூறாதீர்கள். அவனும் காத்திருக்கிறான்.