ஒட்டுகளுக்கும் வரிசை உண்டு

ஒரகடத்திலோ இருங்காட்டுக்கோட்டையிலோ ஒரு கார் தொழிற்சாலையில் ஷிஃப்ட் மாறும் நேரத்துப் பேச்சைக் கேட்டுப் பாருங்கள். ‘பத்து பீஸ் ரீவொர்க்குக்குப் போயிருக்கு.’ ‘அன்லோடிங் முடிஞ்சுதா?’ ‘ஆப்பரேட்டருங்களுக்குச் சொல்லியாச்சா?’ தமிழ்வழியில் படித்து, ஐடிஐ முடித்து வந்த பிள்ளைகள் பேசுவது இது. தங்களுக்கு இங்கிலீஷ் வராது என்று இவர்களில் பலர் கூசுகிறார்கள். ஆனால் மொழியியலாளர்கள் மண்டையை உடைத்துக்கொள்ளும் விதிகள் அவர்கள் நாக்கில் பிசகாமல் ஓடுகின்றன.

உதிரிபாகங்கள் வந்திறங்கும் பிளாஸ்டிக் பெட்டியையே எடுத்துக்கொள்வோம். மறுபடி நிரப்பி அனுப்பலாம் என்றால் அது ‘ரீயூசபிள்’. விரிசல் விட்டுவிட்டால் ‘அன்யூசபிள்’. முன்னால் ஓர் ஒட்டு, நடுவில் ‘யூஸ்’, பின்னால் ‘ஏபிள்’ என இரண்டும் பார்வைக்கு ஒரே அச்சு. கட்டிய விதம்தான் வேறு. ‘ரீ’ பொதுவாக வினைச்சொல்லைத்தான் தேடிப் போய் ஒட்டும். அதனால் முதலில் ‘ரீயூஸ்’ உருவாகி, அதன்மேல் ‘ஏபிள்’ ஏறுகிறது. ‘அன்யூஸ்’ என்றொரு வினை ஆங்கிலத்தில் புழங்குவதில்லை. ஆகவே அங்கே ‘யூசபிள்’ முதலில், ‘அன்’ கடைசியில். லைனுக்கு வருமுன்பே சப்-அசெம்பிளியில் எது எதோடு பூட்டப்படுகிறது என்பதுபோலத்தான் இது.

வரிசை மாறினால் பொருளே மாறும். ‘அன்லாக்கபிள்’ கதவு என்றால் பூட்டவே முடியாத கதவா, பூட்டைத் திறக்க முடிகிற கதவா? இரண்டும்தான். ‘லாக்கபிள்’ முதலில் சேர்ந்தால் முன்னது. ‘அன்லாக்’ முதலில் சேர்ந்தால் பின்னது. தமிழுக்கு இந்தக் குழப்பம் அநேகமாக இல்லை. சுட்டெழுத்துகளையும் ‘அநியாயம்’ போன்ற வடமொழி வரவுகளையும் விட்டால், நாம் பெரும்பாலும் பின்னாலேயே ஒட்டிக்கொண்டு போகிறவர்கள்.

பின்னொட்டுகளும் ஒன்றன்மேல் ஒன்று இஷ்டத்துக்கு ஏறிவிடுவதில்லை. நைஜல் ஃபேப் என்ற மொழியியலாளர் 1988இல் 43 ஆங்கிலப் பின்னொட்டுகளை ஆராய்ந்தார். கணக்குப்படி 1,849 இணைகள் அமையலாம். உண்மையில் வழங்குபவை சுமார் 50தான்! அந்தச் சிலவற்றில் ஒன்று, தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் தினமும் அடிபடும் ‘ட்ரேசபிலிட்டி’யில் இருக்கிறது. ‘ஏபிள்’ வந்தால் ‘இட்டி’ தாராளமாகச் சேரும்; சேரும்போது ‘பிள்’ என்பது ‘பிலி’ என உருமாறும். இதையெல்லாம் எந்தப் பயிற்சி வகுப்பும் சொல்லித் தருவதில்லை. முன்னொட்டு, பின்னொட்டுப் பட்டியலை மனப்பாடம் செய்ய வைப்பதோடு நம் பாடப்புத்தகங்களும் நின்றுவிடுவது எனக்குப் பெரிய குறையாகவே படுகிறது.

‘ஆப்பரேட்டருங்களுக்கு’ என்ற சொல்லைப் பிரித்துப் பாருங்கள். ‘ஆப்பரேட்’ என்ற வினையை ஆளாக்கும் ஆங்கில ஒட்டு முதலில். பிறகு தமிழ்ப் பன்மை. கடைசியில் ‘கு’ வேற்றுமை உருபு. புதுச்சொல் ஆக்கும் ஒட்டும் இலக்கண உருபும் இரண்டுமே பின்னால் வந்தால், ஆக்க ஒட்டுதான் வேரை ஒட்டி நிற்கும் என்று ஜோசஃப் கிரீன்பெர்க் 1963இல் தன் பொதுவிதிகளில் 28ஆவதாக எழுதினார். பல மொழிகளை ஒப்பிட்டு அவர் கண்டது அது. இரண்டு மொழிகள் கலந்த ஒரே சொல்லிலும் அந்த வரிசையை ஒரகடத்துப் பிள்ளைகள் மாற்றுவதில்லை.