முடியாட்சியும் குடியாட்சியும்: ஊவாவிலிருந்து ஒரு நோக்கு

முடியாட்சி சிறந்ததா, குடியாட்சி சிறந்ததா என்னும் வினா மாணவர் சொற்போர் மேடைகளில் நெடுங்காலமாகப் பழகிப்போன ஒன்று. முடியாட்சியை விரும்புவோர் நோர்வேயைக் காட்டுவர். 1905இல் சுவீடனிலிருந்து பிரிந்த அந்நாட்டு மக்கள் தம் வாக்கினாலேயே ஒரு மன்னரை ஏற்றுக்கொண்டனர். குடியரசாயிருந்த ஜேர்மனி 1933இல் ஹிட்லரின் கையில் அகப்பட்டதையும் அவர்கள் நினைவூட்டத் தவறுவதில்லை. மறுபக்கத்தாரோ, பிறப்பொன்றினாலேயே ஒருவன் ஆளத் தகுதி பெறுகிறான் என்பது அறிவுக்கு ஒவ்வாது என்பர். இவ்வாறு தூரதேசத்து எடுத்துக்காட்டுகளை இருபுறமும் அடுக்கிக்கொண்டே போகலாம். ஆயின் பதுளையிலும், ஸ்பிரிங்வெளி முதலிய சுற்றுப்புறத் தோட்டங்களிலும், இவ்வினா வெறும் சொற்போர்ப் பொருளன்று. முடி, குடி என்னும் இரண்டையும் இம்மலைநாடு அனுபவித்தே அறிந்துள்ளது.

1815 பெப்ரவரியில் கண்டியின் இறுதி மன்னன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் பிரித்தானியரிடம் சிறைப்பட்டான். நாயக்கர் வழியினனான அவனது இயற்பெயர் கண்ணுசாமி. மார்ச் 2ஆம் நாள் கண்டிப் பிரதானிகள் ஓர் உடன்படிக்கையால் நாட்டைப் பிரித்தானிய முடிக்குக் கையளித்தனர். ஓர் அரசனுக்குப் பதிலாக மற்றோர் அரசன் வந்தான் என்பதே எழுத்தின்படி நிகழ்ந்தது. ஆனால் புதிய அரசன் கடலுக்கப்பால் இருந்தான். முறையிடுவோர் கண்ணுக்கு அவன் என்றுமே தோன்றவில்லை. இரண்டே ஆண்டுகளில், 1817இல், ஊவாவிலும் வெல்லசவிலும் கிளர்ச்சி மூண்டது. கிளர்ச்சிக்காரர் முதலில் தேடியது படைக்கலத்தை அன்று, ஓர் அரசனையே. வில்பாவே என்பவர் தம்மைச் சிறைப்பட்ட மன்னனின் உறவினனாகிய துரைசாமி என்று கூறிக்கொண்டு முன்வந்தார். அக்கூற்று பொய்யென்பது பின்னர் வெளிப்பட்டது. நாயக்கர்மீது பிரதானிகள் பலர்க்கு வெறுப்பிருந்தது உண்மையே. எனினும் கிளர்ச்சிக்கும் ஒரு நாயக்கர் பெயரே தேவைப்பட்டது. அடக்குவதற்கு அனுப்பப்பட்ட கெப்பெட்டிபொல திசாவையும் கிளர்ச்சியாளருடன் சேர்ந்து, 1818 நவம்பர் 26ஆம் நாள் தலை துணிக்கப்பட்டார்.

இதிலே முடியாட்சியின் பக்கத்து வலிமையான நியாயம் ஒன்று அடங்கியுள்ளது. சமயத்தின் காவலனும், நிலத்தின் தலைவனும், இறுதி முறையீட்டைக் கேட்போனும் ஒருவனே என்னும் நம்பிக்கை அது. முறையிட ஒரு முகம் வேண்டும் என்று குடிகள் விரும்பினர். அந்நம்பிக்கையை மூடத்தனமென்று ஒதுக்கிவிடுவது எளிது, பொருந்துவதன்று.

பிரித்தானியர் காலத்தில் அம்முகம் மறைந்து, முடி ஓர் அலுவலகமாயிற்று. 1832இல் இராசகாரிய முறை ஒழிக்கப்பட்டது நன்மையே. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டமோ, உரிமை காட்டப்படாத காடுகளும் தரிசுகளும் முடிக்குரியவை எனக் கொண்டது. இவ்வாறு முடிக்குரியனவாகக் கொள்ளப்பட்ட காடுகள் பெருமளவில் தோட்டக்காரருக்கு விற்கப்பட்டன. நமுனுகுல மலைச்சரிவுகளிலும் முதலிற் கோப்பியும் பின்னர்த் தேயிலையும் பரந்தன. அவற்றிலே உழைக்கத் தமிழகத்திலிருந்து வந்தோர் ஒரே முடியின் ஆள்புலத்துள் ஓரிடம் விட்டு வேறிடம் பெயர்ந்தவரே. திருச்சிராப்பள்ளியிலும் அவர்கள் பிரித்தானியப் பிரசைகள், பதுளையிலும் அவ்வாறே. அந்தப் பிரசாநிலை அவர்களுக்குத் தந்த உரிமைகள் மிகச் சிலவே. ஆயினும் அந்நியர் என்று அவர்களை ஒதுக்குவதற்கு அது இடந்தரவில்லை.

1947 பொதுத்தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரசார் எழுவர் பாராளுமன்றஞ் சென்றனர். பதுளைத் தொகுதியில் வென்ற எஸ். எம். சுப்பையா அவருள் ஒருவர். அடுத்த ஆண்டு நாடு சுதந்திரமடைந்தது. ஆறாம் ஜோர்ஜ் மன்னரே அரசின் தலைவராகத் தொடர்ந்தார். அம்மன்னர் பெயராலேயே 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டமும், 1949இல் தேர்தற் சட்டத் திருத்தமும் நிறைவேறித் தோட்ட மக்களுள் மிகப் பெரும்பாலோரின் வாக்கைப் பறித்தன. முடியாட்சியின் காவலர் வழக்கமாகக் கூறும் வாதம் இங்கேயே சோதிக்கப்பட வேண்டும். பெரும்பான்மைக்கு மேலே நின்று சிறுபான்மையைக் காப்பது முடி என்பர். சோல்பரி யாப்பின் 29ஆம் பிரிவு, எச்சமூகத்துக்கும் தனியே இடர் விளைக்கும் சட்டத்தைத் தடைசெய்தது. அதனை ஆதாரமாகக் கொண்டு கோடகன் பிள்ளை தொடுத்த வழக்கு இறுதியாக இலண்டனிலுள்ள கோமறைக் கழகத்தை அடைந்தது. 1953இல் அக்கழகம் அதனைத் தள்ளிற்று. யார் குடிமகன் என வரையறுப்பது சட்டமன்றத்தின் அதிகாரம் என்றும், இந்தியத் தமிழரின் இடம்பெயரும் இயல்பு அதற்குப் பொருத்தமான செய்தியே என்றும் அது கருதிற்று. இரண்டு மூன்று தலைமுறைகள் ஒரே லயத்தில் பிறந்து மாண்டோரின் இடம்பெயரும் இயல்பு!

குடியரசு வந்தபோது என்ன நிகழ்ந்தது? 1972 மே 22ஆம் நாள் இலங்கை குடியரசாயிற்று. மகாதேசாதிபதியாயிருந்த வில்லியம் கோபல்லாவ அன்றே முதற் சனாதிபதியானார். இராணி மாளிகை சனாதிபதி மாளிகையாயிற்று. 29ஆம் பிரிவு மறைந்தது. கோமறைக் கழக முறையீடு முந்திய ஆண்டிலேயே நிறுத்தப்பட்டிருந்தது. இறைமை மக்களுடையது என்று புதிய யாப்பு முழங்கியது. அந்த மக்களுள் நாடற்றோர் இடம்பெறவில்லை. 1964 அக்டோபர் 30ஆம் நாளைய சிறிமா–சாஸ்திரி உடன்படிக்கை 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என வகுத்திருந்தது. அக்கணக்கு முடியின் காலத்தில் எழுதப்பட்டுக் குடியரசின் காலத்தில் நிறைவேற்றப்பட்டது; பதுளைப் புகையிரத நிலையத்தில் எத்தனையோ குடும்பங்கள் இரண்டாகப் பிரிந்தன.

1978 யாப்பு இவ்வினாவையே தலைகீழாக்கிற்று. குடியரசின் தலைவருக்கு இங்கிலாந்து மன்னர் கனவிலும் காணாத அதிகாரங்கள் கிடைத்தன. பதவியிலிருக்கும்வரை அவர்மீது வழக்குத் தொடரலாகாது என்னும் விதி, மன்னன் தவறிழையான் என்ற பழங்கோட்பாட்டின் மறுபிறப்பேயாகும். 2015இன் 19ஆம் திருத்தமே அதனை ஓரளவு தளர்த்திற்று. எனினும் அதே யாப்பு, பிரசாவுரிமை பெற்ற வகையைக் கொண்டு பிரசைகளிடையே வேறுபாடு காட்டலாகாதெனவும் விதித்தது. 1988இலும் 2003இலும் இயற்றப்பட்ட சட்டங்கள் எஞ்சிய நாடற்றோர்க்குப் பிரசாவுரிமை வழங்கின. இவற்றைத் தந்தது குடியரசின் பெருந்தன்மை என்பதைவிட, வாக்குரிமை மீண்டும் பெற்றோரின் எண்ணிக்கையும் அதைக் கொண்டு அவர்தம் தலைவர்கள் நடத்திய பேரமும் என்பதே பொருந்தும்.

ஆகவே குடியாட்சியின் மேன்மை அதன் தலைவரின் நற்பண்பில் இல்லை. வெல்லசவின் குடிகள் அரசனை மாற்ற முயன்று ஊர்களை எரியக் கொடுத்தனர். 2022 யூலையில் ஒரு சனாதிபதி மக்கள் எழுச்சியின் முன் பதவி துறந்தார், அடுத்த ஆண்டு உயர் நீதிமன்றம் பொருளாதார வீழ்ச்சிக்கு அவரும் பிறரும் பொறுப்பெனத் தீர்த்தது. முடியாட்சியில் இதற்கு வழியில்லை. ஆனால் இவ்வழி, பெயர் இடாப்பில் உள்ளவர்க்கே திறந்திருக்கும். 1949இல் அவ்விடாப்பினின்றும் நீக்கப்பட்டவர்க்கு மேலே இருந்தது மகுடமா, வேறொன்றா என்பதால் விளைந்த பயன் ஏதுமில்லை.

நிலத்தின் கதை இன்னும் தீரவில்லை. முடியால் விற்கப்பட்ட தோட்டங்கள் 1975இல் அரசுடைமையாயின. 1992 முதல் அவற்றின் நிருவாகம் மீண்டும் கம்பனிகளிடம் சென்றது. வாக்குச்சீட்டு கைக்கு வந்த குடும்பங்கள் பலவற்றுக்கு, தாம் வாழும் லயத்தின் அடியிலுள்ள மண்ணுக்கு உறுதி கிடைக்கவில்லை. வீடொன்றுக்கு 7 பேர்ச்சசு நிலம் வழங்கும் திட்டம் சில தோட்டங்களிலேயே நிறைவேறியுள்ளது.