ஏறி இறங்கும் எஞ்சினும் வண்டிக்காரரின் உரிமையும்

ஆக்ஸிலேட்டரை ஒரே நிலையில் பிடித்திருக்கும்போதே எஞ்சினின் வேகம் தானாக ஏறுவதும் தானாகத் தளர்வதுமாக இருந்தால், பேச்சுவழக்கில் அதை ‘வண்டி ஏறி இறங்குது’ என்பார்கள். எஞ்சின் வெட்டிவெட்டி ஓடினால் ‘மிஸ்ஸிங் அடிக்குது’ என்பார்கள். இரண்டும் ஒன்றல்ல என்பதையும், முதலாவது பெரும்பாலும் எரிபொருள்–காற்றுக் கலவையின் கோளாறு, இரண்டாவது பல நேரங்களில் பிளக், காயில் போன்ற மின்பொறிப் பகுதியின் கோளாறு என்பதையும் வண்டிக்காரர் அறிந்திருந்தால், பாதிச் செலவு அங்கேயே மிச்சமாகும்.

விருதுநகர்–சிவகாசி சாலையிலுள்ள ஆமத்தூரும் அதைச் சுற்றிய கரிசல் ஊர்களும் பட்டாசு, தீப்பெட்டி ஆலைகளுக்கு ஆள் அனுப்பும் ஊர்கள். விடிந்ததும் வேலைக்குக் கிளம்பும் தொழிலாளியின் வண்டி பெரும்பாலும் புதியதாக இருப்பதில்லை. 2020 ஏப்ரல் 1 அன்று பிஎஸ்-6 மாசு விதி நடைமுறைக்கு வந்தபின்பே இருசக்கர வண்டிகளில் மின்னணு எரிபொருள் தெளிப்பு முறை பரவலாயிற்று. அதற்கு முன் விற்ற சாதாரண வண்டிகளில் ஏறக்குறைய எல்லாமே கார்புரேட்டர் வண்டிகள். வண்டி வழியில் நின்றால் ஒரு நாள் கூலி போகும் என்பதால், மெக்கானிக் முதலில் சொல்வதற்கே தலையாட்டிவிட்டு வரும் நிலை இங்கே நிலவுகிறது.

கார்புரேட்டர் என்பது எஞ்சின் உறிஞ்சும் காற்றோடு பெட்ரோலை அளந்து கலக்கும் கருவி. ஒரு பங்கு பெட்ரோல் முழுமையாக எரிய எடையில் ஏறக்குறைய 14.7 பங்கு காற்று வேண்டும். காற்று இதைவிட மிகுந்து பெட்ரோல் குறைந்தால் கலவை மெலிகிறது. மெலிந்த கலவை சில சுழற்சிகளில் சரியாக எரியாமல் போவதால் வேகம் தளர்கிறது. தளர்ந்ததும் உறிஞ்சும் காற்றின் அளவு மாறி, அடுத்த சில சுழற்சிகள் நன்றாக எரிய, வேகம் மீண்டும் ஏறுகிறது. இந்த ஊசலாட்டமே ஏறி இறங்குதல். ஆகவே கண்டறிதல் முழுவதும் ஒரே கேள்வியைச் சுற்றியே அமைகிறது: பெட்ரோல் எங்கே குறைகிறது, அல்லது கணக்கில் வராத காற்று எங்கே நுழைகிறது?

இதற்கு விடை தேட முதல் கருவி, காற்றைக் குறைத்துக் கலவையைத் தடிக்கச் செய்யும் சோக்தான். எஞ்சின் சூடான பிறகு, ஏறி இறங்கும்போது சோக்கைப் பாதி இழுத்துப் பார்த்தால், ஊசலாட்டம் அடங்குமானால் கலவை மெலிந்திருப்பது ஏறக்குறைய உறுதி. அதற்கு மாறாக எஞ்சின் திணறிக் கரும்புகை கக்கினால், கலவை ஏற்கெனவே தடித்திருக்கிறது, அதாவது பெட்ரோல் மிகுந்திருக்கிறது என்று பொருள். பிளக்கைக் கழற்றி முனையைப் பார்ப்பது இதை உறுதி செய்யும்: வெளிர்ந்து சுண்ணாம்பு நிறமாக இருந்தால் மெலிவு, செங்கல் நிறம் கலந்த பழுப்பு சரியானது, புகைக்கரி படிந்திருந்தால் தடிப்பு. கரிசல் புழுதியில் அடைத்துப்போன ஏர் ஃபில்டர் கலவையைத் தடிக்கச் செய்யும் என்பதால், தடிப்பு தெரிந்தால் முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான்.

மெலிவு என்று தெரிந்தபின், ஒரு காசும் செலவாகாத சோதனைகள் முதலில் வர வேண்டும். சில கிலோமீட்டர் ஓடியபிறகு மட்டும் வண்டி தளர்ந்தால், பெட்ரோல் டேங்க் மூடியை ஒருமுறை திறந்து மூடிப் பார்க்கலாம். உடனே சரியானால் மூடியிலுள்ள காற்றுத்துளை அடைத்து, டேங்கினுள் வெற்றிடம் உண்டாகி, பெட்ரோல் இறங்காமல் நின்றிருக்கிறது. அடுத்ததாக, எஞ்சின் ஆறிய நிலையில் கார்புரேட்டரின் அடிக்கிண்ணத்திலுள்ள வடிதிருகைத் தளர்த்தி, வரும் பெட்ரோலைச் சிறு கண்ணாடிக் குப்பியில் பிடித்து வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். அடியில் தனிப்படலமாகவோ முத்துமுத்தாகவோ திரவம் தங்கினால் அது தண்ணீர். செந்தூளாக ஏதேனும் தங்கினால் டேங்கின் உட்துரு. இந்தக் குப்பியே பிற்பாடு சாட்சியாகவும் உதவும்.

கார்புரேட்டரையும் எஞ்சினையும் இணைக்கும் மேனிஃபோல்டு ரப்பர் வெயிலிலும் சூட்டிலும் காய்ந்து வெடிப்பது பழைய வண்டிகளில் மிகச் சாதாரணமாக நிகழ்வது. அந்த வெடிப்பின் வழியே காற்று உள்ளே புகுவதைத்தான் ‘ஏர் எடுக்குது’ என்கிறார்கள். இதை அறிய, எஞ்சின் ஓடும்போது ரப்பரின் மீதும் இணைப்பு விளிம்பின் மீதும் சோப்புத் தண்ணீரைச் சில சொட்டுகள் விட்டால் போதும். காற்றுப் புகும் இடத்தில் தண்ணீர் உள்ளே இழுபட, எஞ்சினின் ஓசை சட்டென மாறும். சிலர் இதே சோதனைக்குப் பெட்ரோலைத் தெளிப்பதுண்டு. சூடான எஞ்சின் மேல் அது நெருப்பை வரவழைக்கும் செயல், எந்த ஊரிலும் செய்யத் தகாதது.

இவற்றுக்குப் பிறகே கார்புரேட்டரைக் கழற்ற வேண்டும். ஐடிலிங்கிலும் மெல்லிய வேகத்திலும் மட்டும் ஏறி இறங்கினால், அந்த வேகங்களுக்குப் பெட்ரோல் விடும் ஸ்லோ ஜெட்தான் முதல் சந்தேகம்: அதன் துளை அரை மில்லிமீட்டருக்கும் குறைந்தது என்பதால், பல வாரம் நின்ற வண்டியில் பெட்ரோல் ஆவியாகி விட்டுச்செல்லும் பிசினே அதை மூடப் போதும். கம்பியால் குத்தினால் துளை அகன்று, கலவைக் கணக்கு நிரந்தரமாகக் கெடும். சுத்தம் செய்யும் திரவத்தில் ஊறவைத்து, காற்றடித்து எடுப்பதே முறை. சீரான நடுவேகத்தில் தோன்றினால் நீடில், மிதவையின் உயரம், மெயின் ஜெட் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். வால்வு இடைவெளி மிக இறுகியிருந்தாலும் இதே அறிகுறி வரும்.

பெட்ரோலே மாறிவிட்டது என்பதையும் இங்கே கணக்கில் எடுக்க வேண்டும். 2023 பிப்ரவரியில் தொடங்கிய இ20, அதாவது 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல், 2025-இல் நாடெங்கும் பொதுவாகிவிட்டது. எத்தனால் முழுமையாக எரிய அதன் எடையில் 9 பங்கு காற்றே போதும். எனவே சுத்தப் பெட்ரோலுக்கென அளந்து துளையிட்ட கார்புரேட்டரில் இ20 ஊற்றினால் கலவை சற்று மெலிகிறது. கணினி உள்ள புதிய வண்டி இதைத் தானே சரிக்கட்டிக்கொள்ளும்; கார்புரேட்டர் சரிக்கட்டாது. எத்தனால் ஈரத்தை ஈர்ப்பதும், தண்ணீர் அளவு மீறினால் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து பெட்ரோலைவிட்டுப் பிரிந்து டேங்கின் அடியில் தங்குவதும் தனித் தொல்லை. எத்தனால் இல்லாத பெட்ரோலையும் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு கேட்ட பொதுநல மனுவை 2025 செப்டம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்துவிட்டது. சில பழைய வண்டிகளில் 20,000 முதல் 30,000 கிலோமீட்டர் ஓட்டத்துக்குப் பின் ரப்பர் பாகங்கள், கேஸ்கட் ஆகியவற்றை மாற்ற நேரலாம் என்று பெட்ரோலிய அமைச்சகமே அதே ஆண்டு ஆகஸ்டில் ஒப்புக்கொண்டது. அந்தச் செலவை யார் ஏற்பது என்ற கேள்விக்கு விடை இல்லாமல், அது பழைய வண்டிக்காரரின் தலையிலேயே விழுகிறது, இது நியாயமன்று.

பட்டாசுப் பகுதிக்கு இந்தக் கோளாறு வெறும் மைலேஜ் விவகாரமும் அன்று. சரியாக எரியாத கலவை சூடான சைலன்சரினுள் எரியும்போது ‘டப்’ என்று வெடிக்கும்; சில நேரம் தீச்சுடர் வெளியே வரும். மிதவையின் ஊசி அடையாமல் நின்றால் பெட்ரோல் குழாய் வழியே தரையில் ஒழுகும். இத்தகைய வண்டியைப் பட்டாசு மருந்து இறங்கும் இடத்துக்கும் திரிக்கட்டுக்கும் அருகே கொண்டுபோவதோ, மருந்துத்தூள் படிந்த வேலை உடையோடு அதைப் பிரித்துப் பழுதுபார்ப்பதோ கூடவே கூடாது. ஆலை வாசலுக்கு வெளியே, தள்ளி வண்டியை நிறுத்தச் சொல்லும் விதியை அலுப்பாகக் கருதுவோர், இந்தச் சுடரை நினைவில் கொள்ள வேண்டும்.

பெட்ரோல் வாங்குமிடத்தில் நுகர்வோருக்குத் தெளிவான உரிமைகள் உண்டு. வடிதாள் கேட்டு, பம்புக் குழாயின் முனையிலிருந்து அதில் ஒரு சொட்டு விட்டு, அது ஆவியானபின் கறை தங்குகிறதா என்று பார்க்கலாம். அன்றைய அடர்த்தியை அளந்து காட்டச் சொல்லலாம். அளவில் ஐயம் இருந்தால் முத்திரையிட்ட 5 லிட்டர் குவளையில் பிடித்துக் காட்டச் சொல்லலாம். பெட்ரோல் பங்க்கில் இவற்றை மறுக்கக் கூடாது. அளவுக் குறைவு பற்றிய புகாரைத் தொழிலாளர் துறையின் சட்டமுறை எடையளவுப் பிரிவிடம் தரலாம். பெட்டிக்கடையில் பாட்டிலில் விற்கும் பெட்ரோலுக்கு இந்தப் பாதுகாப்பு எதுவும் கிடையாது: உரிமமின்றிப் பெட்ரோலை விற்பதே 1934-ஆம் ஆண்டு பெட்ரோலியச் சட்டத்துக்கு எதிரானது, அந்தப் பெட்ரோலில் கலப்படமோ தண்ணீரோ இருந்தால் முறையிட ரசீதும் இராது.

ஒர்க்‌ஷாப்பிலும் இதே ரசீதுதான் ஆயுதம். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், பொருளுக்கோ சேவைக்கோ பில் தர மறுப்பதை நேர்மையற்ற வணிக நடைமுறை என்றே வகைப்படுத்துகிறது. வேலை தொடங்குமுன் உத்தேசச் செலவைக் கேட்பதும், மாற்றிய பழைய பாகங்களைத் திருப்பிக் கேட்பதும், புதிய பாகத்தின் பெயரையும் விலையையும் தனித்தனியாகப் பில்லில் எழுதச் சொல்வதும் மரியாதைக் குறைவல்ல. நேர்மையான மெக்கானிக்குக்கு அதுவே பாதுகாப்பு. ‘கார்புரேட்டரையே மாத்திடணும்ணே’ என்ற சொல்லுக்கு இசையுமுன், சோக், டேங்க் மூடி, அடிக்கிண்ணம், ரப்பர் ஆகிய நான்கையும் பார்த்தாகிவிட்டதா என்று ஒருமுறை கேட்க வேண்டும்.

பணம் வாங்கியும் கோளாறு தீராமல், பேச்சிலும் தீர்வு கிட்டாமல் போனால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் முதலில் புகாரைப் பதியலாம். அதுவும் பயனளிக்காவிட்டால், ஸ்ரீவில்லிபுத்தூரில் அமரும் விருதுநகர் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தை நாடலாம். செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணம் இல்லை; வழக்கறிஞர் கட்டாயமும் இல்லை. சிக்கல் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் மனுவைத் தாக்கல் செய்துவிட வேண்டும். பில், மாற்றிய பழைய பாகம், அடிக்கிண்ணத்திலிருந்து பிடித்த பெட்ரோலின் தேதியிட்ட படம் ஆகிய மூன்றும் கையில் இருந்தால் மனு வலுப்பெறும். குப்பியில் பிடித்த பெட்ரோலை மட்டும் வீட்டுக்குள் வைக்காமல், நெருப்பு அண்டாத வெளியிடத்தில் இறுக மூடி வைத்திருக்க வேண்டும்.